தோள் பள்ளமும் ஆறு மில்லிமீட்டரும்

என் அம்மாவின் இரண்டு தோளிலும் விரல் வைத்தால் பதியும் அளவுக்குப் பள்ளம் உண்டு. இருபத்தெட்டு வருடம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், உட்கார்ந்து அண்டி தல்லியவள், முந்திரிக்கொட்டை உடைத்தவள். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "சுமடு தூக்கினதாம்மா?" என்று கேட்பேன். சுமடு என்றால் சுமை. "பாடி போட்ட தடம் மக்களே" என்பாள். முப்பத்தெட்டாவது வயதில் என் தோளிலும் அதே தடம் விழுந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். குடும்ப வாகு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வாகும் இல்லை, ஒன்றும் இல்லை. போட்டிருந்த பிராவின் பட்டை எனக்குப் பெரிதாக இருந்தது. மார்பின் பாரம் முழுவதும் தோள்வார் இரண்டிலும் தொங்கிக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு வருடமும், வீணாகப் போன ஐந்து பிராக்களும் தேவைப்பட்டன.

எங்கள் வீடு களியக்காவிளை தாண்டி, பாறசாலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். பிரா வாங்கப் போனால் மட்டும் இரண்டு மொழியும் வாயில் வராது. கடைப் பையன் ஒரு பார்வை பார்ப்பான், ஒரு பெட்டியை எடுத்து வைப்பான், கறுப்பு கவரில் சுற்றி வாங்கி வருவோம். அளவு கேட்டால் "38" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அந்த எண்ணை எனக்கு யார் சொன்னார்கள் என்பதே நினைவில் இல்லை. இங்கே இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் மழை துலாம் என்ற ஐப்பசி வரை ஓயாது. காற்றில் எப்போதும் ஈரம். மார்புக்கு அடியில் வேர்வை தங்கி, அரித்து, தோல் சிவந்து கிடக்கும். பட்டை முதுகில் மேலே ஏறிக்கொள்ளும். கையைப் பின்னால் விட்டு இழுத்து விட்டுக்கொண்டே இருப்பேன்.

என் பாட்டி ரவிக்கையைக் 'குப்பாயம்' என்றுதான் சொல்வாள். இந்தத் தென் திருவிதாங்கூர் மண்ணில் மாரை மறைத்ததற்காகவே நாடார் பெண்களைத் தெருவில் வைத்து மேல்துணியைக் கிழித்தார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களின் பேத்திகளுக்குப் பேத்திகள் நாங்கள், எங்கள் மாரின் அளவைக் கடையில் வாய்விட்டுச் சொல்லக் கூசி நிற்கிறோமே என்று ஒருநாள் மனசு வலித்தது. அன்று ராத்திரி டேப்பை எடுத்தேன்.

அளவெடுக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாதிப் பிரச்சினை அங்கேதான். மார்புக்குச் சரியாகக் கீழே, விலா எலும்பின்மேல், டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, டேப்பை இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். எனக்கு 32 அங்குலம். அடுத்தது மார்பின் முழு எடுப்பில், டேப்பை இறுக்காமல். இதை நிமிர்ந்து நின்று ஒருமுறையும், முன்னால் குனிந்து ஒருமுறையும் அளந்து நடுவில் வரும் அளவை எடுத்துக்கொண்டேன். எனக்கு 37. வித்தியாசம் 5 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நாலுக்கு டி, ஐந்துக்கு டிடி. அப்படிப் பார்த்தால் நான் 32 டிடி. பத்து வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தது 38 பி.

'அப்படியானால் அந்த 38 பி மார்பில் எப்படிப் பொருந்தியது?' என்று எனக்கே குழப்பம். அப்புறம்தான் புரிந்தது. கப்பின் எழுத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது. பட்டையின் எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 32 டிடி, 34 டி, 36 சி, 38 பி நாலுக்கும் கப்பு கொள்ளும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பட்டைதான் மாறும். அதனால்தான் கப்பு பொருந்தியது. பட்டை மட்டும் ஆறு அங்குலம் தொளதொளவென்று கிடந்தது. பாவாடை இடுப்பில் நிற்பது நாடாவின் பிடியில். அதைத் தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? பத்து வருடம் நான் செய்தது அதுதான். பாரத்தில் பெரும்பங்கை அடிப்பட்டை தாங்க வேண்டும். தோள்வார் கப்பின் மேல்விளிம்பு சரியாமல் பிடித்தால் போதும்.

ஒன்று கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் அடிச்சுற்றோடு நாலைந்து அங்குலம் கூட்டித்தான் அளவு எண் போடும். அதனால் தைக்க உட்காரும்போது பெட்டியில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு, இந்த இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

32 டிடி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. சரி, தைத்துவிடலாம் என்று இறங்கினேன். அம்மாவின் பழைய கறுப்பு மிதி மெஷின் வீட்டில் இருந்தது. நைட்டி, தலையணை உறை, பிள்ளைகளுக்குப் பாவாடை என்று தைத்த கைதான்.

முதல் வேலையாக, இருந்ததில் கப்பு நன்றாகப் பொருந்திய பழைய பிரா ஒன்றை எடுத்து வலது பாதியை மட்டும் பிளேடால் பிரித்தேன். இடது பாதியை அப்படியே விட்டேன். எது எதோடு சேர்கிறது என்று பார்த்துக்கொள்ள அது வேண்டும். கப்பில் மேல்துண்டு ஒன்று, கீழே இரண்டு. இரண்டு கப்புக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டு. கப்பைச் சுற்றிப் பிடிக்கும் சட்டம், பின்பட்டை, கொக்கிப் பட்டி, வளையம், தோள்வாரைக் கூட்டிக் குறைக்கும் எட்டு வடிவக் கொளுவி. உள்ளங்கையளவு சாமானில் இத்தனை துண்டா என்று அசந்துபோனேன். ஒவ்வொன்றையும் இளம் சூட்டில் தேய்த்து, பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்தேன். வளையம், கொளுவி, கொக்கிப் பட்டி எதையும் தூரப் போடவில்லை. முதல் மூன்று பிராவுக்கும் அவைதான் பயன்பட்டன.

1914-இல் அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் காப்புரிமை வாங்கிய பிரா, இரண்டு கைக்குட்டையும் ரிப்பனும் வைத்துத் தைத்ததில் பிறந்ததாம். அதைப் படித்த தைரியத்தில் நானும் முதல் கப்பைப் பழைய கைக்குட்டையில் வெட்டினேன். தைத்து முடித்து மார்பில் வைத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்ததுபோல் இருந்தது.

எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கட்டோரி பிளவுஸ், அதாவது கப்பு வைத்த பிளவுஸ், தைப்பதில் பேர்போனவர். கப்பைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தார். டேப்பை வைத்தார். "பேப்பரில் தையலுக்கு எவ்வளவு விட்டே பிள்ளே?"

"கால் இன்ச்க்கா."

"தைச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. கை பழக்கத்தில், மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துகாலின் ஓரத்தை வைத்தே ஓட்டியிருந்தேன். அது கால் அங்குலத்தைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதல். "இவ்வளவுதானே" என்றேன். அக்கா சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். கப்பின் நடுவில் ஓடும் தையலில் இரண்டு பக்கத் துணியிலும் மூன்று மூன்று: ஆறு மில்லிமீட்டர் போச்சு. கப்பைச் சட்டத்தோடு சேர்க்கும் தையலில் இந்த ஓரம் மூன்று, அந்த ஓரம் மூன்று: இன்னும் ஆறு. ஒரு கப்பில் மொத்தம் பன்னிரண்டு மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அங்குலம். இரண்டு கப்புக்கும் சேர்த்து ஓர் அங்குலம். ஓர் அங்குலம் என்றால் ஒரு முழு எழுத்து. நான் டிடிக்கு வெட்டி டி தைத்திருக்கிறேன். கைக்குட்டைத் துணியில் இழுவை சிறிதும் இல்லாததால் அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

பிளவுஸில் உள்ளே ஓர் அங்குலம் விடுவோம், நாளைக்குத் தடித்தால் பிரித்துவிடலாம் என்று. பிராவில் அந்தச் சலுகை கிடையாது. விட்டது கால் அங்குலம் என்றால் தைப்பதும் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர்தான். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி ஒரு செல்லோடேப் ஒட்டினேன். இன்றைக்கும் அது அங்கேயே இருக்கிறது. வளைவான தையலை ஓட்டும்போது கண் அந்த டேப்பின் ஓரத்தில்தான் இருக்கும், ஊசியில் இருக்காது. தைத்த பிறகு தையலை இரண்டு பக்கமும் விரித்து, மேலே இரண்டு பக்கமும் மெல்லிய ஓட்டுத் தையல் போட்டால் உள்ளே மார்பில் உறுத்தாது.

அக்காவிடம் கற்றது இன்னொன்றும் உண்டு: கிராஸ், அதாவது துணியை இழைக்குச் சாய்வாக வெட்டுவது. கப்புத் துணியைக் கிராஸாக வெட்டினால் இழுவையில்லாத காட்டன்கூட மார்பின் உருளைக்கு வளைந்துகொடுக்கும். ஆனால் கிராஸ் மட்டும் இருந்தால் நாளாக ஆகத் தொய்ந்துவிடும். அதனால் வெளித்துணி கிராஸ், உள்ளே மெல்லிய மல் துணியில் நேர்வெட்டு என்று இரண்டடுக்காகத் தைக்கிறேன். வெளியே டூ பை டூ என்ற பிளவுஸ் துணி, வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தியது. இதைச் செய்யாமல் தைத்த ஒன்று இரண்டாம் சலவையிலேயே கப்பு சுருங்கி என் தங்கைக்குப் போனது.

பட்டைத் துணியில்தான் எனக்கு அதிகம் பணம் வீணானது. இரண்டாவது பிராவில் முழுப் பட்டையையும், நடுத்துண்டையும்கூட, பனியன் துணியில் வெட்டினேன். போட்டதும் சுகமாக இருந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு மார்பும் அக்குளை நோக்கி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. நடுத்துண்டு துளியும் இழுபடக் கூடாது. அது நெஞ்செலும்பில் தட்டையாகப் படிந்து நின்றால்தான் கப்பு இரண்டும் தன் இடத்தில் நிற்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் நேர்வெட்டுக் காட்டனை இரண்டடுக்காக வைக்கிறேன். பனியன் துணியில் இன்னொரு கோளாறு: இழுபடும், திரும்பி வராது. பட்டைக்கு வேண்டியது இழுத்துவிட்டால் சட்டென்று பழைய அளவுக்கு வரும் துணி. கடையில் நின்றே பாருங்கள். பத்து சென்டிமீட்டரைப் பிடித்து இழுத்து விடுங்கள், பத்துக்கே திரும்புகிறதா என்று. வலைபோல் இருக்கும் பவர்நெட் என்ற துணி இதற்கு நல்லது. அதன் அதிக இழுவை உடம்பைச் சுற்றிப் போகும் திசையில் வர வேண்டும். நான் ஒருமுறை மேலும் கீழுமாக வெட்டிவிட்டு, மூச்சு முட்டிக் கழற்றினேன்.

இலாஸ்டிக், கொக்கிப் பட்டி, நூல் எல்லாம் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் வாங்குகிறேன். அங்கே தமிழ் பேசுகிற ஆட்கள் நிறைய உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு வயதான கடைக்காரர், "எதுக்கு மக்களே?" என்று கேட்டார். "பிரா தைக்க" என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு பக்கம் பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும் இலாஸ்டிக் சுருளை எடுத்துப் போட்டு, "மெத்துப் பக்கம் தோலில் வரணும்" என்றார்.

இந்த இலாஸ்டிக்கை இரண்டு முறை தைக்க வேண்டும். முதலில் துணியின் நல்ல பக்கத்தில், மெத்துப் பக்கம் மேலே பார்க்க வைத்து ஓரமாக ஒரு ஜிக்ஜாக். பிறகு உள்ளே மடித்து இன்னொரு ஜிக்ஜாக். கப்புக்கு அடியில் இருக்கும் பகுதியில் இலாஸ்டிக்கை இழுக்கவே கூடாது. இழுத்தால் சுருக்கம் விழுந்து விளிம்பு சுருண்டுகொள்ளும். பின்பட்டைக்கு மட்டும் துணியின் நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டி, லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கிறேன். நூல் பாலியஸ்டர்தான். காட்டன் நூலில் நேர்த்தையல் போட்டு ஒன்றை முடித்திருந்தேன். முதுகில் கொக்கி மாட்ட இழுத்தபோதே தையல் படபடவென்று விட்டுப்போனது.

எங்கள் மிதி மெஷினில் ஜிக்ஜாக் கிடையாது. சேலை ஓரம் அடிக்க அக்கா வைத்திருக்கும் மோட்டார் மெஷினை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். நேர்த்தையல் மட்டும்தான் உண்டு என்றாலும் வழி இருக்கிறது. பின்பட்டையைக் காட்டனிலேயே கொஞ்சம் நீளமாக வெட்டி, பாவாடைக்கு நாடா கோக்க மடிப்பதுபோல் மேலும் கீழும் குழாய் தைத்து, உள்ளே இலாஸ்டிக்கைக் கோத்து இரண்டு முனையிலும் அடித்துவிடலாம். துணி சுருங்கி நிற்பதால் இழுக்கும்போது தையல் அறாது. பார்க்க அவ்வளவு நேர்த்தி வராது, ஆனால் உழைக்கும். அம்மாவுக்குத் தைத்தது எல்லாம் இந்த மாதிரிதான்.

ஊசியையும் மாற்ற வேண்டும். எப்போதும் கிடக்கிற 16-ஆம் நம்பர் ஊசி இந்த மெல்லிய துணியில் ஓட்டை போடும். டூ பை டூவுக்கு 11. இழுதுணிக்கு அதே 11-இல் முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. இல்லையென்றால் தையல் விட்டுவிட்டு விழும்.

பொருத்தம் பார்க்கக் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்றால் போதாது. கொக்கியை வெளிக்கடைசி வரிசையில் மாட்டிப் பாருங்கள். புதிதில் அங்கே இறுக்கமாக நிற்க வேண்டும். துவைத்துத் துவைத்து இலாஸ்டிக் தளரும்போதுதான் உள்வரிசைக்கு வேலை. பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டமா, அடியில் இரண்டு விரல் நுழைகிறதா, நடுத்துண்டு நெஞ்செலும்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கப்பின் மேல்விளிம்பில் சதை பிதுங்கினால் கப்பு சின்னது. துணி சுருங்கி நின்றால் பெரிது. பிறகு கையைத் தூக்குங்கள், குனியுங்கள், அரிவாள்மனையில் உட்காருவதுபோல் உட்காருங்கள். எனக்கு ஆறாவதில்தான் எல்லாம் ஒத்து வந்தது. அன்று முழுவதும் கையை முதுகுக்குக் கொண்டு போகவில்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது.

அம்மா முதலில் மறுத்தாள். "இனி இந்த வயசில எனக்கென்ன." கப்புக்கு அடியில் கம்பி வேண்டாம், கொக்கி முன்னால் வேண்டும், கை பின்னால் போகாது என்றாள். முன்கொக்கி வைத்தால் நடுத்துண்டு இரண்டாகிவிடுகிறது. அதனால் இரண்டு பாதியிலும் நேர்வெட்டுத் துணியை மூன்றடுக்காக வைத்தேன். தோள்வாரை ஒன்றரை அங்குல அகலமாகக் காட்டனிலேயே தைத்தேன், அடிப்பட்டையை மூன்று அங்குல உயரமாக. போட்டுக்கொண்டு நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், "இன்னும் ரெண்டு தச்சுத் தா" என்றாள். தோள் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் தோளில் எண்ணெய் தேய்க்கச் சொல்லி இப்போது கூப்பிடுவதில்லை.

முன்பெல்லாம் துவைத்ததை எங்கள் வீட்டில் துவர்த்துக்கு, அதாவது துண்டுக்கு, அடியில் மறைத்துத்தான் காயப்போடுவோம். ஈரம் போகாமல் முடை நாற்றம் அடிக்கும், தோலும் அரிக்கும். இப்போது கொல்லைத் திண்ணையில், வெயில் நேராகப் படாத காற்றோட்டத்தில் திறந்தே கிடக்கிறது. கடும் வெயில் இலாஸ்டிக்கைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியவும் கூடாது.

இப்போது கையில் இருப்பது மைனிக்கு, அதாவது என் அண்ணிக்கு. போன வருடம் அவருக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் ஆகி இடது மார்பை எடுத்தார்கள். புண் ஆறி, தைத்ததைப் போடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அளவே எடுத்தேன். மைனி கதவைச் சாத்திவிட்டு, சேலையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். நான் டேப்பை அவர் கையிலேயே கொடுத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவரே அளந்தார். நான் எழுதிக்கொண்டேன்.

இந்தப் பிராவில் கம்பி கிடையாது. தழும்பு போகும் கோட்டில் ஒரு தையலும் வரக்கூடாது என்பதால் இடது கப்பை மூன்று துண்டாக வெட்டாமல் ஒரே துண்டில் டாட் என்ற மடிப்புத் தையல் பிடித்தேன், அதுவும் தழும்புக்கு விலகி. உள்ளே மெல்லிய மல் துணியில் ஒரு பை, வாய் அக்குள் பக்கம். அதற்குள் வைக்க, மற்ற மார்பின் வடிவத்துக்குப் பனியன் துணியில் உறை தைத்துப் பஞ்சு அடைத்தேன். பஞ்சுக்குக் கனம் இல்லாததால் நடக்க நடக்க மேலே ஏறிவிட்டது. பையின் அடியில் இரண்டு இடத்தில் சின்ன ஐலெட் கொக்கி வைத்து உறையைப் பிடித்த பிறகு நின்றது, துவைக்கக் கழற்றிக்கொள்ளலாம்.

போன ஞாயிறு மைனி போட்டுப் பார்த்தார். பிளவுஸை மாட்டி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி திரும்பிப் பார்த்தார். "இடது கொஞ்சம் பொங்கி நிக்குது" என்றார். பார்த்தேன், அரை விரல்கடை பொங்கித்தான் நின்றது. பஞ்சில் ஒரு பிடி எடுக்க வேண்டும். உறையை வெளியே எடுக்கக் கை நுழையவில்லை என்றும் சொன்னார். பையின் வாயை ஓர் அங்குலம் பெரிதாக்கப் பிரித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். சனிக்கிழமை அவர் அண்ணன் மகள் கல்யாணம்.